ஸ்டீயரிங்கில் அழுத கன்னி

2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், கோபிசெட்டிபாளையத்திலிருந்து பெருந்துறைக்குச் செல்லும் சாலையோரக் கொப்பரைக் களம் ஒன்றில், ஒரு கார் முனகியதற்காக ஒரு மருமகளுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றம் காருடையது, தண்டனை மருமகளுக்கு. ஆடி பிறக்கும் முன் அவள் தாய்வீடு செல்ல வேண்டும். கார் வாயை மூடும்வரை திரும்பக் கூடாது.

தீர்ப்பளித்தவர் வாகனவாக்குச் சித்தர் பாலகோபால சுவாமிகள். வண்டிகளின் குரலைக் கேட்டே அவற்றின் மனக்குறையைச் சொல்லிவிடும் ஆற்றல் அவருக்கு உண்டென்று சுவரொட்டி சொன்னது, வாட்ஸ்அப்பும் வழிமொழிந்தது. இவ்விரண்டும் ஒத்துக்கொண்ட பின் ஐயுறுவது நம் பண்பாடு அன்று. ஆகவே விடியும் முன்னரே களத்தில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. பால் வண்டி, கறிக்கோழி வேன், ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி, வாழைத்தார் ஏற்றிய டெம்போ எனக் கொங்கு நாட்டின் உழைப்பெல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டு அங்கே பக்தியோடு காத்திருந்தது.

சுவாமிகளின் கருவி ஒரு ஸ்டெதாஸ்கோப். மருத்துவருக்கும் தமக்கும் வேறுபாடு தெரிய வேண்டும் என்பதற்காக அதில் காவித் துணியைச் சுற்றியிருந்தார். கறிக்கோழி வேனின் பானெட் மேல் அதை வைத்துக் கேட்டார்.

"கியர் இறுகுதா?"

"ஆமாங்க சாமி," என்றார் வேன்காரர் வேலுமணி.

"கோழிக சாபம்."

"அப்ப யாவாரத்தயே உட்டுப்போடறதுங்களா?"

"அமாவாசைக்கு மட்டும் கோழி ஏத்தாம இரு. போதும்."

கோழிகளின் சாபம் இவ்வளவு மலிவாகத் தீர்ந்ததில் வேலுமணிக்கு மகிழ்ச்சி. அடுத்து ஒருவர் மின்சார ஸ்கூட்டரைக் கொண்டுவந்தார். சுவாமிகள் நெடுநேரம் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

"இது மௌன விரதத்துல இருக்குது. தொந்தரவு பண்ணாத," என்றார்.

ஸ்கூட்டர்க்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சாவியைக்கூடத் திருகாமல், அதைத் தள்ளிக்கொண்டே ஊர்போய்ச் சேர்ந்தார்.

தண்டனை பெற்ற மருமகள் பூஜிதா இந்த வரிசையில்தான் நின்றிருந்தாள். தையில் திருமணம் ஆனவள். பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் பராமரிப்புப் பொறியாளர். உடன் மாமனார் திருமலைசாமி, மாமியார் வெங்கடம்மாள், கணவன் ரவிதேஜா. முன்னால் அவர்கள் குடும்பக் கார்; எட்டுப் பேர் அமரக்கூடிய, வயதான, நல்ல கார்.

அதன் கோளாறு எளியது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் ஒடித்தால், பசித்த நாய்க்குட்டியைப் போல ஈனக்குரலில் முனகும். காலையில், எஞ்சின் சூடேறும் முன், முனகல் அதிகம். அந்தக் காரைக் காலையில் குறுகலான கொட்டகையிலிருந்து ஒடித்து ஒடித்து வெளியே எடுப்பவள் பூஜிதா. அவள் வேலைக்குப் போகும் வழியில் மாமனாரைச் சந்தையில் இறக்கிவிட்டுச் செல்வாள். மாலையில், சூடேறிய எஞ்சினோடு, வளைவற்ற ஈரோட்டுச் சாலையில் ஓட்டிச் செல்பவன் ரவிதேஜா. அவன் ஓட்டும்போது முனகல் இல்லை. ஆகவே, மருமகள் உட்கார்ந்தால்தான் கார் அழுகிறது என்று வீடு கண்டுபிடித்தது. கவனித்தது முற்றிலும் சரி. முடிவு முற்றிலும் தவறு.

போதாததற்குக் கொட்டகைத் தரையில் சிவப்புச் சொட்டுகள். வெங்கடம்மாள் அவற்றைப் பார்த்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ரத்தம்டா தேஜா."

"இல்லீங்க அத்தை, அது ஸ்டீயரிங் ஆயிலுங்க," என்றாள் பூஜிதா. "எங்கியோ கசியுது. எங்க கம்பெனியில பிரஸ் மிசினும் ஆயில் கொறஞ்சா இப்படித்தான் கத்தும்."

"உங்க மிசினுக்குள்ள கன்னி இருக்கறாளா அம்மணி?"

"இல்லீங்க."

"அப்பறம் எப்படி ரெண்டும் ஒண்ணாகும்?"

இந்தத் தருக்கத்துக்கு விடை சொல்ல எந்தப் பொறியியல் கல்லூரியும் கற்றுத்தருவதில்லை. நானே ஆயில் ஊற்றிவிடுகிறேன் என்று அவள் பானெட்டின் மேல் கைவைத்தபோது, "கன்னி மேல கை வெக்காத கண்ணு," என்று மாமனார் தடுத்துவிட்டார்.

கன்னி யாரென்று சொல்ல வேண்டும். குடும்பம் முதன்முறை களத்துக்கு வந்தபோது சுவாமிகள் கண்ணை மூடி, "உங்க வம்சத்துல கலியாணம் காணாம ஒரு புள்ள போயிருக்குது. அவதான் இந்த வண்டிக்குள்ள இருந்து அழுகறா," என்றார். திருமலைசாமி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவருடைய அத்தை ஒருவர் சிறுவயதில் காய்ச்சலில் இறந்தவர்; அவருக்குக் கன்னி என்று ஆண்டுதோறும் சேலை வைத்துக் கும்பிடுகிறார்கள். நம் பக்கத்தில் அப்படி ஒரு கன்னி இல்லாத குடும்பம் எது? அதை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வரிசை குறைந்திருக்கும்.

அன்று காரைக் காவித் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். குடும்பத்தாரை வெளியே நிறுத்திவிட்டு, சுவாமிகளின் சீடர் பானெட்டைத் திறந்து ஏதோ 'கன்னித் தீர்த்தம்' தெளித்தாராம். கார் வெளியே வந்தபோது முனகல் இல்லை. வெங்கடம்மாள் அழுதேவிட்டார். சில நாள்களில், முன்பு சொன்ன அந்தச் சிவப்புச் சொட்டுகள் விழுந்தன, முனகலும் திரும்பியது.

இரண்டாம் முறை வந்தபோது சுவாமிகள் ஒரு புது விதி சொன்னார். காரை இடப்பக்கம் திருப்புவது கன்னிக்கு அபசாரம். கோயிலை வலம்வருவது போல, வலப்பக்கமே திருப்ப வேண்டும்.

படித்தவர்களும் பாமரர்களும் நிறைந்த அக்குடும்பம் இதை அப்படியே ஏற்றுக்கொண்டது. இடப்பக்கம் போக வேண்டுமானால், மூன்று முறை வலப்பக்கம் திரும்பிச் சுற்றிவருவார்கள். அந்த வாரத்தில் ஒரு முகூர்த்தம். மண்டபம் சாலைக்கு இடப்பக்கத்தில், கண்ணுக்கெதிரே, வாழைமரம் கட்டி நின்றது. கார் அதைக் கடந்து, ஒரு வாய்க்கால் மேட்டைச் சுற்றி, இரண்டு தென்னந்தோப்புகளுக்குள் புகுந்து, யாரோ ஒருவருடைய மாட்டுக் கொட்டகை வழியாக மண்டபத்தை அடைந்தபோது, கடைசிப் பந்தியின் இலையை எடுத்துவிட்டார்கள்.

"ஏனுங்க மாமா, ஊட்டுல இருந்து நேரத்துல பொறப்படலீங்களா?" என்று கேட்டார் பெண் வீட்டுக்காரர்.

"பொறப்பட்டமுங்க. மண்டபத்தயும் நேரத்துலயே பாத்துப்போட்டோம்," என்றார் திருமலைசாமி. "திரும்பத்தான் முடியல."

வலப்பக்கம் திருப்பியபோதும் கார் முனகத்தான் செய்தது. அது ஆனந்தக் கண்ணீர் என்று சுவாமிகளின் சீடர் தொலைபேசியில் தெளிவுபடுத்தினார்.

மூன்றாம் முறை வந்ததுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. சுவாமிகள் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார். பூஜிதாவை மேலும் கீழும் பார்த்தார்.

"கலியாணம் காணாத கன்னி. புதுத்தாலி கட்டுன பொண்ணு உள்ள ஏறுனா பொறுப்பாளா? இவ ஆடிக்கு அம்மா ஊட்டுக்குப் போகட்டும்."

ஆடிக்குப் புதுப்பெண் தாய்வீடு போவது வழக்கம்தான். சீரும் சேலையுமாக அழைத்துப்போவார்கள். ஆடி கழிந்தால் கணவன் போய்க் கூட்டிவருவான். பூஜிதா கேட்டாள்: "எப்பத் திரும்பி வாரதுங்க?"

"கன்னி சொல்லும்போது."

அவள் ரவிதேஜாவைப் பார்த்தாள். அவன் தன் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாரில் அப்படி என்ன எழுதியிருந்ததோ, அவனுக்கே தெரியும். சூலூரில் அப்பாவிடம் என்ன சொல்வது என்று அவள் நினைத்துப் பார்த்தாள். கார் அழுதது, அதனால் அனுப்பிவிட்டார்கள் என்றா? கோபத்தைக் காட்டிலும் சிரிப்பும், சிரிப்பைக் காட்டிலும் அழுகையும் வந்தன. மூன்றையும் விழுங்கிக்கொண்டு மரியாதையாகவே கேட்டாள்.

"நான் ஏறுனதாலதான் அழுகுதுன்னு சாமிக்கு நல்லாத் தெரியுமுங்களா?"

"கண்ணக் கட்டிக்கிட்டே சொல்லுவேன்."

"அப்படீங்களா. சொல்லிக்காட்டுங்க."

கூட்டம் நிமிர்ந்தது. இலவசமாக ஓர் அற்புதம் கிடைக்கப்போகிறது என்றால் நம் மக்கள் விடமாட்டார்கள். "காட்டுங்க சாமி," என்று நாலாபுறமும் குரல் எழுந்தது. ஆம் என்பதைத் தவிர வேறு வாக்கு சுவாமிகளின் வாயில் அப்போது எழவில்லை.

சுவாமிகளின் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். அவருடைய சீடரையும் தென்னைமரத்தைப் பார்த்துத் திரும்பி நிற்கச் செய்தார்கள். காரின் கண்ணாடிகளை மறைக்க டெம்போக்காரர் பவானி ஜமுக்காளங்களைக் கொடுத்தார். ரவிதேஜா எஞ்சினை ஓடவிட்டு, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினான்.

பூஜிதா மாமியாரின் காதருகே சென்றாள். "அத்தைங்க, நீங்க ஏறுங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாதே அம்மணி."

"ஓட்ட வேண்டாமுங்க. அந்த வளையத்தப் புடிச்சுக் கடைசி வரைக்கும் ஒடிங்க. நீங்க ஏறுனா அழுகாதல்லங்க?"

வெங்கடம்மாளுக்கு அதில் ஐயமே இல்லை. "நான் அந்த ஊட்டுக்கு வெளக்கேத்துனவ. நான் ஏறுனா எதுக்கு அழுகறா?" என்று முணுமுணுத்து, தேரில் ஏறுவது போல ஏறி, கதவைச் சாத்திக்கொண்டார். பூஜிதா யார் கண்ணிலும் படாமல் காவித் திரைக்குப் பின்னால் போய் நின்றாள்.

ஜமுக்காளத்துக்குள் வெங்கடம்மாள் இரு கைகளாலும் ஸ்டீயரிங்கை ஒடித்தார். கார் முனகியது. அவர் திகைத்து எதிர்ப்பக்கம் ஒடித்தார். இன்னும் உரக்க முனகியது.

சுவாமிகள் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கக்கூட இல்லை. "கேக்குதா? உள்ள இருக்கறவதான் இந்தக் குடும்பத்தப் புடிச்ச பீடை. எறங்கச் சொல்லு அவள."

வேலுமணி ஜமுக்காளத்தை இழுத்தார். குடும்பத்தைப் பிடித்த பீடை, வைரத்தோடும் விபூதியுமாக, ஸ்டீயரிங்கைப் பற்றியபடி அமர்ந்திருந்தது.

"என்னயவாய்யா சொன்ன?" என்றார் வெங்கடம்மாள்.

கண்கட்டை அவிழ்த்த சுவாமிகள் ஒரு நொடி விழித்தார்; மறுநொடியே தேறினார். தொழில் பழக்கம். "கன்னி எடம் மாறிட்டா. இப்ப மாமியார் மேல எறங்கியிருக்கா."

இங்கேதான் நம் மக்களின் அறிவுக்கூர்மையைக் காண வேண்டும். ஒருவராவது சிரித்தாரா? இல்லை. கூட்டம் காரைவிட்டு இரண்டடி பின்வாங்கியது. ஒரு தாய் தன் குழந்தையை இடுப்பின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்ப மாமியாரத்தான அம்மா ஊட்டுக்கு அனுப்போணும்," என்றார் டெம்போக்காரர்.

"அவுங்களுக்கு அம்மா ஊட்டுல யாருய்யா இருக்கறாங்க இப்ப?" என்றார் இன்னொருவர், மிகுந்த அக்கறையோடு.

வெங்கடம்மாள் தம் கணவரைப் பார்த்தார். திருமலைசாமி தம் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடும்ப வழக்கம்போலும். அறுபது வயதுக்கு மேல், பட்டப்பகலில், ஊர்க் கூட்டத்துக்கு நடுவே, தமக்கு ஒருவரும் இல்லை என்பதை அந்த அம்மையார் உணர்ந்தார். "பூஜி, எங்கம்மணி போனே?" என்றார்.

திரை விலகியது. பூஜிதா ஒரு கையில் மஞ்சள் பூசிய தீர்த்தக் குடமும், மறுகையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுமாக வந்தாள்.

"இங்கதாங்க இருக்கறேன் அத்தை." குடத்தைச் சற்றே சாய்த்தாள். களத்துத் தரையில் சிவப்பாய் ஒழுகியது. "நம்ம கொட்டாயில பாத்த ரத்தம் இதானுங்களா?"

வெங்கடம்மாள் எட்டிப் பார்த்தார், குனிந்து முகர்ந்தார். "ஆயில் நாத்தமல்ல அடிக்குது."

"ஸ்பேர் பார்ட்ஸ் கடையில விக்கற ஸ்டீயரிங் ஆயிலுங்க. திரைக்குப் பின்னால டப்பா டப்பாவா அடுக்கியிருக்குது."

"அது நான் செபிச்சு வெச்சது," என்றார் சுவாமிகள்.

பூஜிதா டப்பாவை உயர்த்திக் காட்டினாள். "இது சீல் ஒடைக்காததுங்க. செபம் எந்த வழியா உள்ள போச்சு?"

பதிலுக்குக் காத்திராமல் பானெட்டைத் திறந்தாள். ஸ்டீயரிங் பம்புக்குரிய சிறு தொட்டியில் ஆயில் கோட்டுக்குக் கீழே கிடந்தது. காற்றுப் புகுந்து நுரைத்திருந்தது. எல்லாரும் பார்க்க, மந்திரமின்றி, மணியின்றி, கோடு வரை ஊற்றினாள்.

"அத்தைங்க, இப்ப ஒடிங்க. அந்தக் கடைசி, இந்தக் கடைசி. மெதுவா."

வெங்கடம்மாள் ஒடித்தார். கார் முதலில் கொஞ்சம் கொப்பளித்தது. பின் முனகல் தேய்ந்தது. பின் நின்றது. அவர் மீண்டும் மீண்டும் ஒடித்துப் பார்த்தார். மகனே பிறகு கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

"ஆயில் போற ரப்பர் ஓஸ் எங்கியோ கசியுதுங்க," என்றாள் பூஜிதா. "அத மாத்துனாத்தான் நெலைக்கும். சாமி அத மட்டும் மாத்தமாட்டாரு. மாத்துனா நீங்க திரும்பி வரமாட்டீங்க."

கூட்டம் இதை நெடுநேரம் மென்றது. பின்னர்தான் வேலுமணிக்குக் கோபம் வந்தது. சுவாமிகளும் சீடரும் தம் வண்டியை நோக்கி நழுவியபோது, களத்தின் வாசலைக் கறிக்கோழி வேன் மறித்து நின்றது. கியர் இறுகியிருந்ததால் அதை நகர்த்த ஒருவராலும் இயலவில்லை. யாரோ அழைத்த காவலர்கள் வரும்வரை சுவாமிகள் அங்கேயே அமர்ந்திருந்தார். அந்நேரத்திலும் ஒருவர் அவரை அணுகி, தம் டிராக்டருக்கு ஒரு வாக்குக் கேட்டார் என்பதை வெட்கத்தோடு தெரிவிக்க வேண்டியுள்ளது.

வீடு திரும்பும் வழியில் வெங்கடம்மாள் பின்னிருக்கையிலிருந்து சொன்னார்: "ஆடிக்கு நீ போகோணும் அம்மணி. முறைக்குத்தான். மறுவாரமே நானே வந்து கூட்டியாருவேன்."

"வாரேனுங்க அத்தை," என்றாள் பூஜிதா. ஸ்டீயரிங் அவள் கையில் இருந்தது. அருகிலிருந்த கணவனிடம் திரும்பாமலே கேட்டாள்: "அங்க வெச்சு நீங்க ஏனுங்க ஒரு வார்த்த பேசல?"

கார் ஓசையின்றி இடப்பக்கம் திரும்பியது. ரவிதேஜாவும் ஓசையின்றியே இருந்தான். மறுநாளே ஈரோட்டில் அந்த ஓஸை அவன் மாற்றிவிட்டான். அவள் கேள்விக்கான விடையை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

வாசகரே, அவனை விடுங்கள். உங்கள் வீட்டில் மோட்டார் புகைந்ததற்கும், கறவை வற்றியதற்கும், கடை நொடித்ததற்கும் ராசியில்லாதவள் என்று எந்தப் பெண்ணுக்குப் பெயர் வைத்தீர்கள்? அவளை இன்றே அழையுங்கள். எல்லாரும் இருக்கும்போது, செருப்பைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்து, தவறு எங்களுடையது என்று வாய்திறந்து சொல்லுங்கள்.