மாப்பிள்ளைக்கு ஒரு பிராசசர்

"இன்டெலா, ரைசனா?" என்று கடைக்காரன் பிரதீஷ் மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

மட்டியா, செந்துளுவனா என்று கேட்டிருந்தால் ரசலையன் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லியிருப்பார். மார்த்தாண்டம் சந்தையில் இருபத்தெட்டு வருஷமாக வாழைக்குலை வியாபாரம். ஆனால் இது கம்ப்யூட்டர் கடை. கண்ணாடி மேசைமேல் இரண்டு சின்ன அட்டைப் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு சில்லு.

"இதுல எது கனம் கூடுதல்?" என்றார்.

"கனம் பாத்து வாங்குற சாமானம் இல்ல மாமா. கம்ப்யூட்டருக்க மூளையே இதுதான். உங்க பட்ஜெட்டு நாப்பதாயிரம். அதுக்குள்ள மூளைய எடுத்தாத்தான் மத்தத எடுக்க முடியும். மாப்பிள்ளை என்ன கேம் ஆடுவாரு?"

அதை எந்த மாமனார் எந்த மாப்பிள்ளையிடம் கேட்க முடியும்? ரசலையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மகள் ரெஜிஷாவின் கல்யாணம் முடிந்து பன்னிரண்டு நாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அடுக்களை காணல். பெண் வீட்டார் வண்டி பிடித்து, மாப்பிள்ளை வீட்டு அடுக்களைக்கு வேண்டிய சாமான்களோடு போய், சாப்பிட்டுவிட்டு வருகிற சடங்கு. பெயர்தான் அடுக்களை. பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாம் அந்த அடுக்களைக் கணக்கில்தான் போகும். எல்லாவற்றையும் வாங்கி முடித்து அவர் மூச்சு விட்ட அன்றைக்குத்தான் ரெஜிஷா போன் செய்தாள்.

"அப்பா, அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணுமாம்."

"எதுக்கு மக்ளே? ரயில்வேல குடுக்கல்லியா?"

"கேம் ஆட."

மாப்பிள்ளை ஜெனோவுக்கு முப்பது வயது. குழித்துறை ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறான். பெண் பார்க்க வந்த அன்று நிமிர்ந்து பார்க்காமல் ஒரு தட்டு மிக்சரைத் தின்றுவிட்டுப் போனவன். "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், பிள்ளைய மட்டும் தந்தாப் போதும்" என்று அவன் அம்மா லீமா சொன்னதை ரசலையன் சந்தையில் ஒரு கடை பாக்கியில்லாமல் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தார். இப்போது அந்தப் பெருமையை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

ஆனாலும் மறுக்க முடியாது. ஒரு சாமான் குறைந்தது என்று அந்த வீட்டில் யாராவது மகளை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. அவள் போன பிறகு வீடே ஆளில்லாத சந்தைபோலக் கிடந்தது. அவள் செருப்பு இருந்த இடத்தை மிதிக்காமல் அவர் இன்னமும் விலகித்தான் நடந்தார்.

கடையிலிருந்தபடியே போன் போட்டார்.

"மக்ளே, இன்டெலா ரைசனாண்ணு கேக்கான்."

"ரைசன் போதும்பா. ஆறு கோர் உள்ளது. நம்பருக்குக் கடைசில ஜி இருக்கணும்" என்றாள் ரெஜிஷா. பிறகு ஒரு நொடி கழித்து, "அப்பிடீண்ணு அவரு சொன்னாரு" என்றாள்.

பிரதீஷ் அந்தப் பெட்டியை முன்னால் தள்ளினான். விலையைப் பார்த்த ரசலையன், பட்ஜெட்டை இந்தச் சில்லே கால்வாசிக்கு மேல் தின்றுவிடும் என்று கண்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு இறங்கினார்.

நேரே போனது பக்கத்து வீட்டு ஜஸ்டஸிடம். ஜஸ்டஸ் பதினாறு வருஷம் ஷார்ஜாவில் இருந்தவன். அங்கே அவன் ஓட்டியது தண்ணீர் லாரி. ஆனால் வெளிநாட்டில் இருந்து வந்தவனுக்குத் தெரியாத விஷயம் உண்டு என்று ஊரில் யாரும் இதுவரை நிரூபித்ததில்லை.

"பிரதீஷ் காட்டுனது எத்தன?" என்றான் ஜஸ்டஸ்.

"அஞ்சுண்ணு எழுதியிருந்துது."

"எனக்கிட்ட ஏழு இருக்கு. ஐ செவன். எனக்க மச்சினனுக்க பழைய கம்ப்யூட்டர்ல உள்ளது. பாதி வெலைக்குத் தாறேன். ஏழு பெருசா, அஞ்சு பெருசா? நீரே சொல்லும்."

சந்தைக்காரருக்கு இந்தக் கணக்கு புரிந்தது. மாப்பிள்ளை அஞ்சு கேட்க, மாமனார் ஏழு கொடுத்தால் மதிப்புதானே. வாங்கி மடியில் கட்டிக்கொண்டு மறுநாள் பிரதீஷிடம் போனார்.

பிரதீஷ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு மரியாதையாகக் கீழே வைத்தான்.

"மாமா, இது வந்த காலத்துல நான் ஏழாம் கிளாஸ். இது உட்காருற போர்டு இப்பம் எங்கயும் கெடைக்காது."

மகளுக்குப் போன் போனது.

"ரெண்டாம் தலைமுறையா இருக்கும்பா. வேண்டாம். திருப்பிக் குடுத்திருங்க" என்றாள். "அவரு சொன்னாரு."

ரசலையனுக்கு முகம் எரிந்தது. பழைய சாமானைத் தலையில் கட்டப் பார்த்தான் மாமனார் என்று அவன் இப்போது சிரித்துக்கொண்டிருப்பான். மிக்சர் தின்ற வாய்.

ஜஸ்டஸ் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அதற்குப் பதிலாக, பிராயச்சித்தம் செய்வதாகச் சொல்லி, ஆன்லைனில் தள்ளுபடியில் ஒரு புது இன்டெலைத் தானே வரவழைத்துக் கொடுத்தான். மீதிப் பணத்தையும் கணக்காக வாங்கிக்கொண்டான். இரண்டு நாளில் பெட்டி வந்தது. சீல் உடையாத புதுப்பெட்டி. ரசலையன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

"இது நல்லதுதான் மாமா" என்றான் பிரதீஷ். ரசலையன் சிரிக்க ஆரம்பித்தார். "ஆனா படம் வராது."

"எளவு, படம் வராத கம்ப்யூட்டர்ல என்னத்தல ஆடுறது?"

"இதுக்குத் தனியா கிராபிக்ஸ் கார்டு வைக்கணும். அது இந்தப் பிராசசர விட வெல கூடுதல்."

போன் போட்டு, படம் வராதாம் என்று ஆரம்பித்ததுமே ரெஜிஷா மீதியைக் கேட்கக்கூட இல்லை. "கடைசில எஃப் இருக்காப்பா?" என்றாள்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். இருந்தது.

"எஃப் உள்ளதுல படம் காட்டுற வசதி கெடையாது. அதுக்குத்தான் ஜி சொன்னேன். சொன்னாரு."

"அவரு பக்கத்துலயா நிக்காரு?"

"ம்."

"டூட்டி இல்லியா?"

"இருக்கு. இப்பம் போவாரு."

அன்று மத்தியானம் ரசலையன் சோற்றைப் பிசைந்துகொண்டே மனைவி ஜெபகுமாரியிடம் பொரிந்து தள்ளினார். ஆறு கோர் வேணுமாம், ஜி வேணுமாம், எஃப் ஆகாதாம். கம்ப்யூட்டரிலேயே இத்தனை நோட்டம் பார்க்கிறவன், நாளைக்கு ஒரு கார் கேட்டால் எங்கே போவது?

ஜெபகுமாரி மீன்குழம்பை ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பிள்ளை காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கச்செல, ஒரு பழைய கம்ப்யூட்டராவது வாங்கித் தாங்கண்ணு கேட்டா. ஞாபகம் இருக்கா?"

"அதுக்கு இப்பம் என்ன?"

"பொம்பளப் பிள்ளைக்கு கம்ப்யூட்டர் எதுக்கு, அந்தப் பைசாவுக்கு ரெண்டு பவுன் சேத்தா கல்யாணத்துக்கு ஆவும்ணு சொன்னியோ. இப்பம் மருமவனுக்குண்ணா ஓடுதியோ."

"அவன் கேக்கான். குடுக்காம இருக்க முடியுமா?"

"அவளும் கேக்கத்தான் செஞ்சா" என்றாள் ஜெபகுமாரி.

ரசலையன் சாப்பிட்டு எழுந்தார். மகளைத் தரையில் விட்டு வளர்த்தவர் இல்லை அவர். நகை போட்டார், காலேஜுக்கு அனுப்பினார், நேரில் விசாரித்து மாப்பிள்ளை பார்த்தார். ஒரு தகப்பன் அதற்கு மேல் என்ன செய்வான்? அப்படித்தான் தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆனால் அன்று படுத்துப் பார்த்தும் மத்தியானத் தூக்கம் வரவில்லை.

ஜஸ்டஸோடு சண்டை போட்டு எஃப் பெட்டியைத் திருப்பி அனுப்ப வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. முதல் நாள் கண்ணாடி மேசைமேல் எந்தப் பெட்டி இருந்ததோ அதையே போய் வாங்கினார். நாலு நாளில் அது ஐந்நூறு ரூபாய் ஏறியிருந்தது.

"விட்டுட்டுப் போங்க மாமா, சாயங்காலம் எல்லாத்தையும் சேத்துப் பூட்டித் தாறேன்" என்றான் பிரதீஷ்.

ரசலையனுக்கு மனசு கேட்கவில்லை. அடுக்களை காணலில் பீரோவை நாலு பேர் தட்டிப் பார்ப்பார்கள். வாஷிங் மெஷினைத் திறந்து பார்ப்பார்கள். கம்ப்யூட்டரில் உள்ளதிலேயே விலை கூடிய இந்தச் சாமானைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் யார் கண்ணிலும் படாது. பொண்டாட்டியாவது ஒரு தடவை பார்க்கட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"இதுதானா?" என்றாள் ஜெபகுமாரி. "இத்தினியூண்டு?"

"கையில எடுத்துப் பாரு. சாதனம் கொள்ளாம், நல்ல உருப்படி."

அவள் பயந்து பின்வாங்கினாள். ரசலையனே வெளியே எடுத்தார். ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் முழுக்க மயிர்க்கால் கனத்தில் தங்கநிற முட்கள். எதையும் பெருவிரலால் அமுக்கிப் பதம் பார்க்காமல் அவர் வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை. இருபத்தெட்டு வருஷப் பழக்கம் கையில் இருந்தது. அமுக்கினார்.

மூலையில் ஒரு இருபது முட்கள் சாய்ந்துவிட்டன.

ஜெபகுமாரி போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். ரசலையன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். மகளின் மானத்தைத் தன் விரலாலேயே அழித்துவிட்டோம் என்று நினைத்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அப்பாட்ட குடுங்கம்மா" என்றாள் ரெஜிஷா. பிறகு, "அப்பா, ஒண்ணும் ஆகல்ல. உடையல்லல்லா? சாஞ்சுதான இருக்கு?"

"ஆமா மக்ளே."

"அப்பம் சாரமில்ல. ஏடிஎம் கார்டு இருக்கா? ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையில கார்ட விடுங்க. பைய நிமித்தணும். இழுக்கக் கூடாது. ஒரு தடவைல முழுசா நிமித்தாண்டாம். கொஞ்சம், பெறவு இன்னும் கொஞ்சம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் கார்டை விட்டார். மூச்சை அடக்கிக்கொண்டார்.

"மூச்ச விட்டுட்டுச் செய்யுங்கப்பா."

"விட்டுட்டுத்தான் செய்யுதேன்."

"இப்பம் அடுத்த வரிசை. அவசரமே இல்ல."

முக்கால் மணி நேரம் ஆனது. அவள் போனை வைக்கவே இல்லை. அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது, குழாயில் தண்ணீர் விழுந்தது, யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், அவள் "இதா வாறேன் அத்தே" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவரோடு இவ்வளவு நேரம் பேசியதில்லை. உண்மையைச் சொன்னால், கல்யாணத்துக்கு முன்னும் பேசியதில்லை. கடைசி முள் நிமிர்ந்தபோது, இன்னும் இரண்டு சாய்ந்திருந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட ரசலையனுக்குத் தோன்றியது.

"மாப்பிள்ளைக்கு நான் தேங்க்ஸ் சொன்னேண்ணு சொல்லு" என்றார் வேண்டாவெறுப்பாக.

அவள் குழாயை அடைக்கும் சத்தம் கேட்டது. "சொல்லுதேம்பா" என்றாள்.

சனிக்கிழமை பிரதீஷ் பூட்டினான். படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை டெம்போவில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே கம்ப்யூட்டர் மாப்பிள்ளை ஊரான கருங்கல்லுக்குப் போனது. ரசலையன் அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் வருவேன் என்று பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

லீமா வீட்டில் உபதேசியார் ஜெபம் செய்தார். உறவுக்காரர்கள் பீரோவைத் தட்டிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரை முன்னறையில் மேசைமேல் வைத்தார்கள். ஜெனோ ஒரு கையில் சர்பத் தட்டோடு தள்ளி நின்றான்.

"ஆசப்பட்டது வந்தாச்சு மாப்பிள்ளே. ஆடிப் பாருங்க" என்றார் ரசலையன். குரலில் கொஞ்சம் குத்தல் வந்துவிட்டது.

ஜெனோ ரெஜிஷாவைப் பார்த்தான். "ரொம்ப சந்தோசம் மாமா" என்று சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு சர்பத் கொடுக்கப் போய்விட்டான்.

எவ்வளவு திமிர் என்று நினைத்தார் ரசலையன். ஒரு வாரம் நாயாய் அலைந்து, முள் முள்ளாய் நிமிர்த்திக் கொண்டுவந்த சாமானை அவன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்காக ரெஜிஷாதான் உட்கார்ந்து வயரெல்லாம் மாட்டினாள். திரை வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இந்த வீட்டில் நல்லபேர் வாங்க இந்தப் பிள்ளை என்ன பாடுபடுகிறது.

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் லீமா தனியாக நின்றாள். வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை ரசலையன் சொன்னார்.

"சம்பந்தி, தப்பா நெனைக்காண்டாம். நான் குலை விக்கிறவன். என்னால ஆனத எல்லாம் செஞ்சாச்சு. மாப்பிள்ளை கேட்டத மறுக்கக் கூடாதுண்ணு இதையும் வாங்கிட்டேன். இனி ஏதாவது வேணும்ணா எனக்கிட்ட நேரா சொல்லட்டும். அந்தப் பிள்ளைய இடையில போட்டுக் கேக்க வேண்டாம். அது பாவம்."

அவர் கை கூப்பினார். லீமா செம்பைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"ஜெனோ கேட்டானா? ஒண்ணும் வேண்டாம், அப்பாவுக்க கைய முடக்காதண்ணு நாங்க எத்தன தடவ சொன்னோம் சம்பந்தி. ரெஜிதான், 'காலேஜ்ல படிக்கச்செலயே எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தரணும்ணு அப்பாவுக்கு உயிரு, அண்ணைக்கு முடியல்ல, இப்பமும் வேண்டாம்ணு சொன்னா எங்க அப்பா தாங்க மாட்டாங்க'ண்ணு எனக்க கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா."