டியனோராவின் கடைசிச் சொல்

நோஃப்ரி விடியலில் எழுந்தான். முகம் கழுவினான். மஞ்சள் குல்லாயை மாட்டிக்கொண்டான். ஒயினில் தேன் கலந்து குடித்தான். கிழக்கே பார்த்து உட்கார்ந்து யாழில் ஒரு துதிப்பாடல் வாசித்தான்.

ஏடும் கையுமாக இருப்பவர்களைச் சனி பிடித்து மனத்தைச் சோர்வில் ஆழ்த்தும். மஞ்சளும் தேனும் இசையும் சூரியனை இழுத்துவந்து அதை விரட்டும். ஃபிளாரன்ஸுக்கு வெளியே கரெஜ்ஜி குன்றில் வாழும் தத்துவப் பாதிரியாரின் வைத்தியம் இது. நோஃப்ரி அவருடைய நூல்களைப் பிரதி எடுத்துப் பிழைப்பவன். மனைவி டியனோரா காய்ச்சலில் போய் நான்கு மாதம். சனி நகரவில்லை.

கதவு தட்டப்பட்டது. கல்தச்சன் பாச்சோ.

"கல்லறைக் கல்லுல இன்னைக்கு அந்தச் சொல்லை வெட்டப்போறேன். 'லூச்சே'தானே? அப்புறம் மாத்தச் சொல்லக் கூடாது."

லூச்சே என்றால் ஒளி. டியனோரா கடைசியாகச் சொன்னது அதுதான் என்று அடக்கத்தன்று நண்பன் பிந்தோவிடம் நோஃப்ரி சொல்லியிருந்தான். பிந்தோ பாதிரியாரின் சீடன். அழுதான். பிறகு ஃபிளாரன்ஸ் முழுக்கச் சொன்னான்.

நடந்தது வேறு. அவள் பக்கத்து அறையில் படுத்திருந்தாள். இவன் ஆன்மாவின் ஒளி பற்றிய அத்தியாயத்தைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தான். சுவருக்கு அப்பாலிருந்து 'லூச்' என்று பாதிச் சத்தம் கேட்டது. இந்த வரியை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தான். முடித்தான். போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவள் தன்னைக் கூப்பிட்டிருந்தால்? எந்தத் தேனும் அந்தக் கேள்வியைக் கரைக்கவில்லை.

"பொறு, பாச்சோ. மதியம் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு நோஃப்ரி பிந்தோவின் வீட்டுக்கு ஓடினான்.

"பிந்தோ, அவ வெறும் விளக்கைக் கேட்டிருக்கலாம்டா. அறை இருட்டா இருந்துது."

பிந்தோவின் கண்கள் விரிந்தன. "விளக்கா! கிரேக்க ஞானியோட சிலைக்கு முன்னால நம்ம பாதிரியார் ஏத்தி வைக்கிற விளக்கு மாதிரி! டேய், இதை ஏன்டா முன்னாடியே சொல்லல? கல்லுல ஒரு விளக்கும் செதுக்கணும்."

"வேண்டாம்டா. நான் அந்த அறையிலயே இல்ல. சுவர் வழியாத்தான் கேட்டேன்."

"காது இல்லாமலே ஆன்மாவால கேட்டிருக்கே!" பிந்தோ அவனைக் கட்டிக்கொண்டான். "நண்பர்களைக் கூட்டிக்கிட்டு மதியம் உன் வீட்டுக்கு வர்றேன். எல்லார் முன்னாடியும் நீயே சொல்லு."

மதியம் ஒன்பது சீடர்கள் வந்தார்கள். எல்லார் தலையிலும் மஞ்சள் குல்லாய். ஒருவன் யாழ் கொண்டுவந்தான். ஒருவன் லத்தீனில் நாற்பது வரி இரங்கற்பா எழுதி வந்திருந்தான். பாச்சோ கல்லை வண்டியிலேயே ஏற்றி வந்து வாசலில் நிறுத்தினான்.

"ஐயாமாரே, கல்லு சின்னது. விளக்கை வெட்டினா அந்தம்மா பேருக்கு இடமில்ல."

"பேர் அழியக்கூடியது. ஒளி அழியாதது. விளக்கையே வெட்டு," என்றான் பிந்தோ.

"அவ பேரை விட்டுடாதீங்க!" என்று நோஃப்ரி கத்தினான். "எனக்கு நிச்சயமே இல்ல. அவ என்ன சொன்னான்னே எனக்குத் தெரியாது."

"அறியாமையை அறியறான் பாருங்க!" என்றான் இரங்கற்பாக்காரன். யாழ் மீட்டப்பட்டது.

அப்போது வேலைக்காரி நென்சா மூட்டையோடு உள்ளே வந்தாள். அடக்கம் முடிந்த அன்றே மகள் பிரசவத்துக்கு ப்ராத்தோவுக்குப் போனவள் இன்றுதான் திரும்புகிறாள்.

"என்னங்கய்யா, வீடு பூரா மஞ்சக் குல்லா? யாருக்காச்சும் காமாலையா?"

அன்று டியனோராவின் கட்டிலருகே இருந்தவள் இவள் ஒருத்திதான்.

"நென்சா, நீ சமையலறைக்குப் போ," என்றான் நோஃப்ரி.

"இரும்மா," என்றான் பிந்தோ. "அம்மா கடைசியா என்ன சொன்னாங்க? நீதான் சாட்சி."

பாச்சோ உளியைக் கல்லின்மேல் வைத்துக் காத்திருந்தான். ஒன்பது குல்லாய்கள் அவள் பக்கம் திரும்பின.

நோஃப்ரி முந்திக்கொண்டான். நான்கு மாதமாக யாரிடமும் கேட்காததைக் கேட்டான்.

"என்னைக் கூப்பிட்டாளா?"

"இல்லைங்களே. நான்தான் 'ஐயாவைக் கூப்பிடட்டுமா'ன்னேன். எழுதட்டும் விடுன்னுட்டாங்க."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அப்புறம் ஒளியைப் பத்தித்தானே பேசினாங்க? லூச்சேன்னுதானே சொன்னாங்க?" என்றான் பிந்தோ.

"லூச்சேவா? அது லூச்சோங்கய்யா, அன்னைக்கு ஆத்துலேருந்து வந்த மீனு. 'லூச்சோல முள்ளு ஜாஸ்திடி, இந்த மனுசன் படிச்சுக்கிட்டே முழுங்குவாரு, நல்லா முள்ளெடுத்துட்டு வை'ன்னாங்க."