வீட்டில் இரண்டு ஓட்டு

இந்தத் தேர்தலில் என் மனைவியின் ஓட்டைப் பறித்தே தீருவது என்று முடிவெடுத்தேன். பல் தேய்க்கும்போது எடுத்த முடிவு. வாய் நிறைய நுரை இருந்ததால் உரக்கச் சொல்ல முடியவில்லை. நல்லவேளை.

எங்கள் வீட்டில் இரண்டு ஓட்டு. நான் சீப்புச் சின்னம், அவள் பூட்டுச் சின்னம். பதினெட்டு வருஷமாக ஒரே வண்டியில் போய், ஒரே வரிசையில் நின்று, ஒருவர் ஓட்டை ஒருவர் செல்லாக்காசாக்கிவிட்டுத் திரும்பி வருகிறோம். பெட்ரோல் தண்டம்.

"தலையில நாலு முடி இல்ல. உங்களுக்கு எதுக்குங்க சீப்பு?" என்பாள்.

"கொள்கைக்கும் முடிக்கும் என்ன சம்பந்தம்?"

"சீப்புக்காரங்க ஜெயிச்சா நாலு ரோடு சந்திப்புல பாலம் கட்டுவாங்க. உங்க கடை பாலத்துக்கு அடியில போயிடும். பட்டப்பகல்ல லைட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும். யார் வருவா?"

என்னுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரார் கண்ணையெல்லாம் பரிசோதிக்கிறவனுக்கு இவள் வந்து பார்வை சொல்லித் தருகிறாள்.

"பாலம்னா வளர்ச்சி. போன்ல பாரு, நாடே பாலம் கேக்குது."

என் போனில் நாடு அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

யோசனை கொடுத்தவர் பக்கத்துக் கடை போன் ரிப்பேர்காரர். "போன் ஒரு மக்கு சார். நீங்க எதைக் கொஞ்ச நேரம் பார்க்கறீங்களோ அதையே அள்ளிக் கொட்டும். இருபது நாள் ஒரே பக்கத்தைப் பாத்தா ஆளு தானா அந்தப் பக்கம் சாஞ்சிடுவாங்க."

"அவங்க போனை நாம எடுத்துப் பாத்தா?"

"யார் விரல்னு அதுக்கு என்ன சார் தெரியும்?"

அன்றிலிருந்து அவள் குளிக்கப் போனால் நான் அவள் போனும் கையுமாக இருந்தேன். திறப்பதே பெரும்பாடாகிவிட்டது. என் பிறந்தநாளைப் போட்டேன். திறக்கவில்லை. கல்யாண நாளைப் போட்டேன். திறக்கவில்லை. அவள் அம்மாவின் பிறந்தநாளுக்கு உடனே திறந்தது. மனசு வலித்தது. கொள்கைக்காகப் பொறுத்துக்கொண்டேன். என் போனுக்குப் பூட்டே கிடையாது. ஒளிக்க ஒன்றுமில்லாதவன் என்ற திமிர்.

தினம் பத்து நிமிஷம். சீப்புத் தலைவர் கை ஆட்டினால் லைக். இருமினால் லைக். அவருக்குப் பின்னால் நின்றவர் தலை வாரினால்கூட லைக்.

பத்தாம் நாள் என் போனில் ஏதோ வாடை மாறியது. பாலத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு தையல்கடைக்காரர், ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் இல்லாமல் அழுதார். 'நடிப்பு' என்று கமெண்ட் போட்டேன். மறுநாள் நான்கு தையல்காரர்கள் அழுதார்கள். அதற்கடுத்த நாள் விரிசல் விட்ட பாலம் ஒன்று வந்தது, பிறகு சீப்புத் தலைவர் கொடுத்த வாக்குறுதிகளும் கூடவே அவர் கட்டிய மாளிகையும் வந்தன. தேடித் தேடிப் பார்த்தேன். என் போனில் ஒரு சீப்புக்காரன் மிச்சமில்லை. நாடே கட்சி மாறிவிட்டது, எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ரிப்பேர்காரரிடம் ஓடினேன். "ஊர்ல எல்லாரும் பூட்டுக்கு மாறிட்டாங்களா?"

"என் போன்ல ஊரு கிரிக்கெட் பாத்துக்கிட்டிருக்கு சார்."

"எந்த ஊரு?"

"இதே ஊருதான்."

கடைக்கு வந்து, காத்திருந்தவரை உட்காரவைத்து, கண்ணெதிரே வில்லைகளை மாற்றிக் காட்டினேன். "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?"

"ஒண்ணும் புரியலீங்க."

"உங்களுக்குமா?" என்றேன்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பாலம் வரப்போகிற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பாலம் வந்தால் அந்த வெயில் என் கடைக்குள் வராது. அந்த நிமிஷமே நான் பூட்டு. அடுத்த நிமிஷம் அதைவிடப் பெரிய பயம் வந்தது. இருபது நாளாகப் பாடுபட்டு நான் சீப்புப் பக்கம் சாய்த்துவைத்திருக்கிறேனே, என் மனைவி? மறுபடியும் ஓட்டுக்கு ஓட்டு கழிந்துபோகும். கடை போச்சு.

வீட்டுக்குப் பறந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ யாருக்குப் போடப் போற?"

"சீப்புக்குத்தான். பாலம்னா வளர்ச்சியாமே. போன்ல எல்லாரும் சொல்றாங்க."

"போன் சொல்றதையெல்லாம் நம்பலாமா? பூட்டுக்கே போடு."

"பதினெட்டு வருஷமா நீங்க சொன்னது இப்பதான் எனக்குப் புரிஞ்சிருக்கு. உடனே மாறுன்னா?"

"நான் சொன்னது தப்பு."

"என்னது? காதுல விழல."

"தப்பு. என் தப்பு."

ஒரு துண்டை உதறி, நிதானமாக நான்காக மடித்தாள். "சும்மா மாற மனசு வரலீங்க."

"என்ன வேணும், சொல்லு."

"பாத்திரம்."

"நாளைக்கே வாங்கித் தரேன்."

"வாங்க வேணாம். கழுவுங்க. அடுத்த தேர்தல் வரைக்கும்."

ஒப்புக்கொண்டேன். கடை பிழைக்க வேண்டுமே.

ஒரே வண்டியில் போனோம், ஒரே வரிசையில் நின்றோம், ஒரே சின்னத்தில் போட்டோம். வந்ததும் மை வைத்த விரலோடு பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன். அவள் நாற்காலியில் சாய்ந்து என் போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என் போன்ல என்ன பண்ற?"

"நாய்க்குட்டி பாக்கறேன். இனிமே உங்களுக்கு அழுவுற தையல்காரர் வேணாம்ல?"

கரண்டியைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினேன். "தையல்காரர் உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க ஷேவ் பண்ணிக் குளிச்சு வர முக்கால் மணி நேரம் ஆகுது. தினம் நான்தானே பாத்தேன்."

"அப்போ உன் போன்ல நான் பண்ணினது?"

"முதல் நாளே சோப்பு எடுக்க வெளிய வந்தேன். எங்க அம்மா பிறந்தநாளைப் போட்டுக்கிட்டிருந்தீங்க. என்ன விஷயம்னு ரிப்பேர்காரர்கிட்ட கேட்டேன். சொல்லிக் கொடுத்தார். அதுக்கப்புறம் என் போனை நான் பாக்கவே இல்லைங்க."

"அப்படின்னா நீ சீப்புக்கு மாறவே இல்ல?"

"நான் எப்ப மாறினேன்?"

குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன்.

"தண்ணிய மூடுங்க. அடுத்த தேர்தலுக்கு அஞ்சு வருஷம் இருக்கு," என்றாள். "மெதுவாவே தேய்ங்க."