வரம்புக்கு மேலே ஒரு நூறு

"உங்க வருமானம் வரம்பைத் தாண்டிடுச்சே." அறக்கட்டளை அலுவலகத்துப் பெண் வருமானக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு அவர் நீட்டிய உதவித்தொகை விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினாள். "மாசத்துக்கு நூறு கூட இருக்கு."

வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் தன்னைப் பணக்காரன் என்றதும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அட்டைப்பெட்டி கம்பெனியில் இருபது வருடமாக வெட்டும் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர். மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கட்டணம் கட்டப் பத்தே நாள். சேமிப்பை வழித்துத் துடைத்தாலும் முதல் தவணையில் பாதி தேறாது.

மறுநாள் முதலாளி முன்னால் போய் நின்றார். மகளுக்காக உதவித்தொகை தேடி அலைவதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"ஐயா, என் சம்பளத்துல நூத்தம்பது குறைச்சிடுங்க."

"ஏம்ப்பா?"

"எனக்கு இது... அதிகம்னு தோணுதுங்க."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒரு மனுஷனை இத்தனை நாள் கவனிக்காம விட்டுட்டேனே!"

அன்று மாலையே அவரை மேற்பார்வையாளராக்கி, சம்பளத்தில் ஆயிரத்தைக் கூட்டினார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "குறைக்கச் சொல்லிப் போனவர் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறீங்களே! ஒரு காரியத்தை ஒழுங்காக் கெடுக்கக்கூடவா தெரியாது?"

அதையும் பார்த்துவிடுவது என்று கிளம்பினார். மூன்று நாள் வேண்டுமென்றே தாமதமாகப் போனார். ஒரு கட்டு அட்டையைக் கோணல்மாணலாக வெட்டித் தள்ளினார். முதலாளி கோபப்படவே இல்லை. "பாவம், உடம்புக்கு முடியலை போல" என்று சம்பளத்தோடு விடுப்பும், செலவுக்கு மருத்துவப்படியும் கொடுத்து அனுப்பினார்.

"விடுங்கப்பா, நான் ஏதாவது வேலைக்குப் போறேன்" என்றாள் மகள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று அவள் சாப்பிடவில்லை.

அவருக்குத் தாங்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை ராஜினாமாவை நீட்டினார். முதலாளி எவ்வளவோ கெஞ்சியும், "சொந்தக் காரணம்ங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலையிலிருந்து விடுவித்த கடிதத்தை வாங்கிக்கொண்டு அறக்கட்டளைக்கு ஓடினார்.

"இந்தாம்மா! இப்ப எனக்கு வருமானமே இல்ல!"

"ஐயோ, பொதுப் பிரிவு உதவித்தொகையெல்லாம் நேத்தே முடிஞ்சிருச்சே" என்றபடி அந்தப் பெண் கடிதத்தைப் பிரித்தாள். முகப்பிலிருந்த கம்பெனி பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"என்னங்க நீங்க, இந்த அறக்கட்டளையே உங்க முதலாளி நடத்துறதுதானே! அங்க வேலை பாக்குறவங்க பிள்ளைங்களுக்கு வருமான வரம்பே கிடையாதே!"