தும்புத்தடியும் முப்பது நாளும்

"எழும்படா கிளைவ்! எட்டு மணிக்கு இன்னும் பத்து நிமிசம்தான் இருக்கு!"

கிளைவ் எழும்பவில்லை. கணக்கு வகுப்புக்குப் போனவன் இரவு ஏழரைக்கு வந்து, சப்பாத்தையும் கழற்றாமல் சோபாவில் விழுந்து கிடந்தான்.

தகப்பன் வின்சன்ற் அவனைப் பிடித்து உலுக்கினார். பதினைந்து வயதுக்குட்பட்ட ரக்பி அணியில் மகனுக்கு இடம் கிடைப்பது தினமும் அனுப்பும் வீடியோவில் தங்கியிருந்தது. கோச் பிரசாந் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: வளருகிற பிள்ளை எடுத்த எடுப்பில் பாரம் தூக்கக்கூடாது. முதலில் வீடு கூட்டுகிற வெறும் தும்புத்தடியைத் தோளில் வைத்து, பத்துத்தரம் ஒழுங்காகக் குந்தி எழும்பிப் பழக வேண்டும். முப்பது நாளும் எட்டு மணிக்கு முன் வீடியோ வர வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பெயர் வெட்டு. இன்று முதல் நாள்.

வின்சன்ற் துறைமுகத்தில் கிளாக் வேலை. கதிரையை விட்டு எழும்புவது தேத்தண்ணீருக்கு மட்டும். சீனி வருத்தத்துக்கு உடற்பயிற்சி செய்யும்படி டொக்டர் நாலு வருடமாகச் சொல்கிறார். "நேரமில்லை டொக்டர்" என்று இவரும் நாலு வருடமாகச் சொல்கிறார்.

இன்று நேரம் இருந்தது. போனை ரைஸ் குக்கரில் சாய்த்து, கழுத்துக்குக் கீழே மட்டும் விழும்படி வைத்தார். மகனின் ஜேர்சி தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. தும்புத்தடியைத் தோளில் வைத்துக் குந்தினார். முழங்கால் கதறியது.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி கொன்ஸ்ரன்ஸ் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் வாய் திறப்பவள் அன்று ஒன்றும் கதைக்கவில்லை.

கோச்சின் பதில் உடனே வந்தது. 'கிளைவுக்கு வயிறு வைச்சிருக்கு. வீட்டில சீனியை நிப்பாட்டுங்க.'

"பிள்ளைக்கு இல்லாத சீனி உங்களுக்கு மட்டும் என்னத்துக்கு?" என்று கொன்ஸ்ரன்ஸ் சீனிப் போத்தலை ஒளித்துவிட்டாள்.

மறுநாள் கிளைவைச் செய்ய விட்டால் உடம்பு வேறு என்று பிடிபட்டுவிடும். ஆகவே மறுநாளும் வின்சன்ற்றே குந்தினார்.

ஐந்தாம் நாள்: 'பதினாலு வயசுக் காலில இவ்வளவு முடியா?'

வின்சன்ற் கால் இரண்டையும் மழித்தார். ஞாயிற்றுப் பூசை முடியும்வரை சொறிந்துகொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள்: 'முழங்கால் உள்ளுக்குச் சாயுது. மூச்சை அடக்க வேணாம்.'

இருபதாம் நாள்: 'கால் பலம் காணாது. காலையில மாடிப்படி ஏறி இறங்கட்டும்.'

வின்சன்ற் நாலு மாடியும் ஏறி இறங்கினார். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டி வந்தது. பொய் ஒன்றைக் காப்பாற்ற மனுசன் இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

முப்பத்தோராம் நாள் மைதானத்தில் அணித் தெரிவு. பிரசாந் இரும்புத் தண்டு ஒன்றைக் கிளைவின் தோளில் வைத்தார்.

தும்புத்தடியைக்கூடத் தொடாத பிள்ளை! முதுகு முறிந்தால்? வின்சன்ற் புனித அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்.

"சேர், நிப்பாட்டுங்க! அந்த வீடியோ எல்லாத்திலயும் இருந்தது நான்!"

கிளைவ் நிறுத்தவில்லை. நேரான முதுகோடு பத்துத்தரம் குந்தி எழும்பி, தண்டை மெதுவாக இறக்கினான்.

"டடி, கத்தாதீங்க."

பிரசாந் சிரித்தார்.

"தெரியும் அங்கிள். இவன் கணக்கு வகுப்பெண்டு சொல்லிப்போட்டு முப்பது நாளும் இங்க என்னோடதான் பழகினவன். வீடியோ கேட்டது உங்கட வீட்டில மட்டும்தான். டொக்டர் சொல்லியும் அசையாத மனுசன் மகனுக்கெண்டா எந்தக் கள்ளமும் செய்வாரெண்டு உங்கட மிஸிஸ்தான் வந்து சொன்னவ!"