ஊதா நிற லெப்டினன்ட்

"போலி" என்றார் பெல்லின். கண்ணில் பொருத்தியிருந்த உருப்பெருக்கி லென்ஸைக் கழற்றக்கூட இல்லை.

எகோனுக்குக் காது மடல் சிவந்தது. காசெல் நகரத்துப் பள்ளி விளையாட்டுக் கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே, பழைய அஞ்சலட்டைச் சந்தைக்கு வந்த வியாபாரிகள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்கிற வார்த்தையா அது?

"எது போலி? படமா?"

"படம் தங்கம். கையெழுத்துதான் போலி."

அஞ்சலட்டைப் படத்தில் இருந்தவர் முதல் உலகப் போரில் பறந்த விமானி, லெப்டினன்ட் வோல்ராத். தோல் அங்கி, நெஞ்சில் பதக்கம், யாரையோ அடிக்கப் போகிற முறைப்பு. இதை அச்சடித்த அச்சகம் தீப்பிடித்து எரிந்துபோனதால் இந்தப் படத்தில் தப்பியது கைவிரலில் எண்ணக்கூடிய அட்டைகள்தான். கீழே பென்சிலில் ஒரு கையெழுத்து. அதைப் பார்த்துதான் எகோன் போன மாதம் கோட்டிங்கனில் ஒரு விதவையிடம் அதை வாங்கினான். கொடுத்தது அவன் காசு இல்லை. மனைவி கெர்லிண்டே பால்டிக் கடற்கரைக்குப் போக வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் காபி டப்பாவில் சேர்த்த காசு. இன்றைக்கு நல்ல லாபத்துக்கு விற்று, நாளை அவள் டிக்கெட் எடுக்கப் போவதற்குள் டப்பாவை நிரப்பிவிடுவதாகத் திட்டம்.

பெல்லின் தன் ஆல்பத்தைத் திறந்தார். சேகரிப்போர் சங்கத்தில் எந்தப் போர்வீரனின் கையெழுத்துக்கும் சான்றிதழ் கொடுப்பவர் அவர்தான்.

"பாருங்க, மிஸ்டர் எகோன். என்கிட்ட இருக்கற வோல்ராத் கையெழுத்து எல்லாத்துலயும் கடைசியில சிங்கத்து வால் மாதிரி ஒரு சுழி. உங்க அட்டையில? கோழி கிளறின மாதிரி இருக்கு."

"அன்னிக்கு அவசரத்துல போட்டிருப்பாரு!"

"யாரோ அவசரத்துல ஏமாத்தியிருக்கான்."

பக்கத்தில் நின்ற ஹாலந்துக்காரர் அட்டையைத் திருப்பி நீட்டினார். "கையெழுத்து இல்லாம இருந்தா இப்பவே நல்ல விலைக்கு எடுத்துக்குவேன். போலியோட எனக்கு வேண்டாம். ரயிலுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. யோசிங்க."

எகோன் பல்லைக் கடித்துக்கொண்டு தன் மேசைக்குத் திரும்பினான். கெர்லிண்டே அங்கே உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?"

"கோட்டிங்கன் கிழவி என் தலையில மிளகாய் அரைச்சிட்டா!"

அஞ்சலட்டை வியாபாரிகள் பின்பக்கத்தில் விலையைப் பென்சிலில்தான் எழுதுவார்கள். ஆகவே எல்லார் பெட்டியிலும் மெத்தென்ற ரப்பர் ஒன்று கிடக்கும். எகோன் எடுத்தான், தேய்த்தான். கையெழுத்து போகவில்லை. அட்டையின் பளபளப்புதான் போனது.

"அழுத்தாதே. கொஞ்சம் ஈரத்தால தொட்டுப் பாரு" என்றாள் கெர்லிண்டே.

எகோன் விரலை நாக்கில் நனைத்துத் தடவினான். சாம்பல் நிறக் கையெழுத்து சட்டென்று ஊதாவாகி, மழையில் சாயம் போன துணி மாதிரி வோல்ராத்தின் அங்கியில் இறங்கியது.

"ஐயோ! இது போர்க்காலத்துப் பென்சில்! ஈரம் பட்டா மையாயிடும்!"

"அதைத் தடவறதுக்கு முன்னாடி யோசிக்கணும்."

"நீதானே தடவச் சொன்ன!"

"நீ கிணத்துல குதின்னாலும் குதிச்சுடுவியா?"

எகோன் ஆத்திரத்தில் அவளுடைய மூக்குக் கண்ணாடி துடைக்கும் திரவத்தைப் பிடுங்கி அட்டையில் ஊற்றினான். பதக்கம் ஊதாவானது. துடைத்தான். மோவாய் ஊதாவானது. மறுபடி துடைத்ததில் மீசை மூக்குக்கு ஏறிவிட்டது. காயவைத்தால் மை பரவுவது நிற்கும் என்று தோன்றவே கழிப்பறைக்கு ஓடி, கை உலர்த்தும் இயந்திரத்தின் கீழே பிடித்தான். ஈரக் கையைக் காயவைக்க ஒருவன் குறுக்கே நீட்டினான். அவனையும் திட்டினான். அதற்குள் அட்டை அப்பளம் மாதிரி சுருண்டு, லெப்டினன்டின் முகம் நடுவில் வெடித்தது.

வெளியே வந்தபோது ஹாலந்துக்காரர் அட்டையைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"இதுக்கு எவ்வளவு குடுத்த?" கெர்லிண்டேயின் குரல் தணிந்திருந்தது. அதுதான் ஆபத்து.

"கொஞ்சம்தான்."

"எகோன். காபி டப்பா கனமா இருக்கா, லேசா இருக்கா?"

எகோன் தரையைப் பார்த்தான்.

"என் பால்டிக் கடலையா இந்த மூஞ்சியில ஊத்தின? ரெண்டு வருஷம் புதுச் செருப்பு வாங்கல நான்! நாலு நாள் அலையைப் பார்த்துட்டு உட்காரணும்னு ஆசைப்பட்டேன். உன் செத்துப்போன லெப்டினன்டுக்கு என் காசு கேக்குதா?"

சாலட் கிண்ணத்தை அவள் மேசையில் வைத்த வேகத்தில் கரண்டி பக்கத்துக் கடைக்குப் போய் விழுந்தது. பெண்டாட்டியிடம் வசமாக மாட்டிய ஆண்பிள்ளை என்ன செய்வான்? வேறு ஒருவனை அடிக்கப் போவான். எகோன் பெல்லினின் மேசைக்குப் பாய்ந்தான். அங்கே சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு அம்மாள், "ஐயா, நான் ஒரு அட்டை தேடி..." என்று ஆரம்பித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றார் பெல்லின்.

"யோவ் பெல்லின்!"

கூடமே திரும்பியது. முப்பது வருஷப் பழக்கத்தில் ஒருவரையொருவர் 'நீங்க' தவிர வேறு சொல்லி அழைத்ததில்லை.

"யோவா? யாரைப் பார்த்து?"

"உன்னைத்தான்! உன் வாயாலதான் என் அட்டை நாசமாப் போச்சு! ஊதா வந்துதே, பார்த்தியா? போர்க்காலத்துப் பென்சில்யா அது!"

"போர்க்காலத்துல மோசடிக்காரனே கிடையாதா? அந்தக் காலத்துப் பென்சில்ல அந்தக் காலத்துலயே ஏமாத்தியிருக்கான். ஒரு போலியை ஒழிச்சதுக்கு சங்கமே உனக்கு நன்றி சொல்லணும்!"

"உன் சங்கத்துல இடி விழ!"

"அழிச்சது நீ! ஈர விரலை வெச்சது நீ! பேச வந்துட்டான்!" பெல்லின் ஆல்பத்தைத் தூக்கி எகோனின் மூக்குக்கு நேரே விரித்தார். "நல்லாப் பாரு! இதுதான்யா வோல்ராத் கையெழுத்து! இந்தச் சுழி உலகத்துல வேற எவனுக்கும் வராது!"

சாம்பல் கோட்டு அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆல்பத்தின் மேல் குனிந்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, எங்க தாத்தா எழுத்து! லெப்டினன்டுக்கு ஆர்டர்லியா இருந்தாரு, கையெழுத்து கேட்டு வர்ற அட்டையிலெல்லாம் லெப்டினன்ட் பேரைத் தாத்தாதான் போட்டு அனுப்புவாரு. லெப்டினன்ட் தன் கையால போட்டது ஒரே ஒரு அட்டையில, தாத்தாவுக்காக, பென்சில்ல. அதை கோட்டிங்கன்ல எங்க அத்தை விவரம் தெரியாம போன மாசம் யாருக்கோ வித்துட்டாங்க. இங்க யார்கிட்டயாவது இருக்கா? என்ன விலை கேட்டாலும் தர்றேன்."