குஞ்சுக் கொட்டாய் அலாரம்

"ஏனுங்க, அந்தப் பையத் துண்டுல நல்லா மூடிக்கங்க" என்று சௌந்திரம் புருஷன் காதைக் கடித்தாள்.

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் மணியனுக்குப் போன வருஷம் இதயம் ஓய்ந்துபோய், டாக்டர்கள் நெஞ்சுக்குள் செயற்கை இதயம் ஒன்றைப் பொருத்திவிட்டார்கள். அதன் ஒயர் வயிற்று வழியாக வெளியே வந்து தோள்பை பேட்டரியில் முடியும். மனுஷன் முன்னைவிடத் தெம்பு. பேட்டரி இறங்கினால் மட்டும் பை 'பீப் பீப்' என்று ஊரைக் கூட்டும்.

இன்றைக்கோ மகள் கிருத்திகாவைப் பெண் பார்க்க ஜேடர்பாளையத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை கௌசிக்கைக் கிருத்திகாவுக்குப் பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் சம்மதம் என்றால்தான் அவர்கள் இந்த வீட்டில் கை நனைப்பார்கள். பொண்ணோட அப்பன் கரண்ட்டில் ஓடுகிறார் என்று தெரிந்தால் பச்சைத் தண்ணி குடிப்பார்களா? 

மாப்பிள்ளையின் அப்பா ஜெகதீஸ்வரன் தோளில் மாட்டிய தோல்பையோடு மணியனை ஒட்டி சோபாவில் உட்கார்ந்தார்.

"பையக் குடுங்கண்ணா, உள்ள வெக்கறேன்" என்று சௌந்திரம் அவரிடம் கை நீட்டினாள்.

"இருக்கட்டுங்க" என்று ஜெகதீஸ்வரன் தோல்பையை இறுக்கிக்கொண்டார்.

பீப், பீப்.

"குஞ்சுக் கொட்டாய் அலாரமுங்க. சூடு கொறஞ்சா கத்தும்" என்று சௌந்திரம் கூசாமல் புளுகினாள்.

"ஆமாங்க, அதேதானுங்க" என்றார் ஜெகதீஸ்வரன் அவசரமாக.

கௌசிக் எழுந்தான். "எங்கப்பாவக் கூட்டீட்டுப் போய் நான் பாத்துட்டு வாரேனுங்க அத்தை."

"வேண்டாஞ்சாமி, வெளியாளு போனா கோழிக்கு நோவு வந்துரும்."

மணியன் வாயெடுத்தார். "சௌந்திரம், சத்தம் என்ற பையில இருந்து..."

"நீங்க சும்மாருங்க" என்று அவரை அறைக்குள் இழுத்துப் போய் பேட்டரியை மாற்றினாள். பீப் நிற்கவில்லை. இன்னொன்றை மாட்டினாள். அப்போதும் கத்தியது. வேறு வழியில்லாமல் கூடத்துக்கே கொண்டுவந்து, டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டு அவரைச் சுவரில் சொருகினாள். கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி மணியன் சுவரோரம் நின்றார். அலாரம் பாட்டுக்குக் கத்தியது.

சௌந்திரம் உடைந்துபோனாள். "மறைச்சது தப்புங்க. அவருக்கு நெஞ்சுக்குள்ள மிஷின் வெச்சிருக்குதுங்க. அந்தச் சத்தந்தானுங்க இது. எம்புள்ளைய மட்டும் வேண்டாம்னு சொல்லீராதீங்க."

மாப்பிள்ளையின் அம்மா உஷாராணி மெல்ல எழுந்தாள்.

"அக்கா, கத்தறது அண்ணன்து இல்லீங்க, எங்கூட்டுக்காரர்து, பக்கத்து பிளக்குல இவரையும் மாட்டிவுடுங்க, சார்ஜ் ஏர்றதுக்குள்ள நாங்க கை நனைச்சுக்கறோம்."